தண்ணீர் கேட்காத எஞ்சின்கள்

மைசூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணம்பாடி அணைக்குப் போகும் சாலையில் ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1979-ல் திறந்தது. மகாராணி பயணம் செய்த 1899-ஆம் வருடத்து சலூன் பெட்டியைச் சிலர் எட்டிப் பார்ப்பார்கள். மற்றபடி கூட்டம் எல்லாம் நீராவி எஞ்சின்களைச் சுற்றித்தான். பிள்ளைகளைத் தூக்கி எஞ்சின் படியில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்ளாமல் எந்தக் குடும்பமும் வெளியே வருவதில்லை.

நீராவிக்கு அழ ஆள் உண்டு. அதைப் பற்றிப் பாட்டு உண்டு, சினிமாக் காட்சி உண்டு. தமிழில் அதன் பெயரால் ஒரு சொல்லே உண்டு. புகைவண்டி என்றால் அதுதான். அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த டீசல் எஞ்சினுக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை. அதிலும் முதல் தலைமுறை டீசல்கள் எங்கே பிறந்தன, எங்கே உழைத்தன, எப்படிச் செத்தன என்று கேட்பவர்கள் அநேகமாக ரயில் பைத்தியங்கள் மட்டும்தான். கதையோ, கராச்சியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது.

மைசூருக்கு டீசல் அவசரமாகத் தேவைப்படவில்லை. 1882-ல் பெங்களூரில் இருந்து மீட்டர்கேஜ் பாதை வந்தபோதே வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியைக் கடந்துதான் வந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலை அந்தப் பாதைக்கு இருந்ததில்லை. ஆனால் இந்தியாவின் வடமேற்கு மூலையில் அந்தக் கவலைதான் ரயில்வேயின் முதல் கவலை. நீராவி எஞ்சின் நிலக்கரியைத் தின்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது குடிக்கும் தண்ணீர்தான் பலருக்கும் தெரியாது. ஆயிரக்கணக்கான காலன் பிடிக்கும் டெண்டர், நூறு இருநூறு கிலோமீட்டருக்குள் காலியாகிவிடும். கிடைக்கும் தண்ணீர் உப்பாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். டீ போடும் பாத்திரத்தின் அடியில் படிவது போல பாய்லர் குழாய்களுக்குள் உப்பு படியும். குழாய் அடைக்கும், வெடிக்கும். பாய்லரை அடிக்கடி கழுவ வேண்டும். கழுவுகிற நாளெல்லாம் எஞ்சின் ஷெட்டில் கிடக்கும்.

சிந்து மாகாணத்தில் இரண்டு கஷ்டமும் சேர்ந்திருந்தது. கராச்சிக்கும் லாகூருக்கும் நடுவே சுமார் 1,200 கிலோமீட்டர். பெரும் பகுதி வறண்ட பூமி. நிலக்கரியோ வங்காளம், பீகார் பக்கத்தில் இருந்து நாட்டின் குறுக்கே வர வேண்டும். எனவே டீசல் என்ற யோசனை வடமேற்கு ரயில்வேக்குச் சீக்கிரமே வந்தது. 1930 வாக்கில் கிளாஸ்கோவின் பியர்ட்மோர் கம்பெனியிடம் இருந்து இரண்டு சிறிய டீசல் எஞ்சின்களை வாங்கிப் பார்த்தார்கள்.

பியர்ட்மோர் என்றதும் ஒரு கிளைக்கதை. அதே கம்பெனி, ரயில் எஞ்சினுக்காக வகுத்த டீசலை வளர்த்தெடுத்து ஆர்-101 என்ற ராட்சத ஆகாயக் கப்பலுக்கும் கொடுத்திருந்தது. வெப்ப நாடுகளில் பெட்ரோல் ஆபத்து என்று பயந்துதான் அதில் டீசலை வைத்தார்கள். 1930 அக்டோபரில் அந்தக் கப்பல் இங்கிலாந்தில் இருந்து கிளம்பியது. போய்ச் சேர வேண்டிய இடம் கராச்சி. பிரான்ஸைத் தாண்டவில்லை, போவே நகருக்கு அருகில் விழுந்து எரிந்தது. இருந்த 54 பேரில் 48 பேர் செத்தார்கள். டீசலின் கனம் அந்தக் கப்பலுக்குப் பெரிய சுமையாக இருந்தது என்பது அப்போதே பேசப்பட்ட விஷயம். ஆகாயத்தில் சுமையாக இருந்த கனம் தண்டவாளத்தில் ஒரு குறையே இல்லை. இழுக்கிற எஞ்சினுக்குக் கனம் வேண்டும். இல்லையென்றால் சக்கரம் வழுக்கும்.

1935-ல் பெரிய பரிசோதனை வந்தது. நியூகாசிலின் ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனி, சுமார் 1,200 குதிரைசக்தி கொண்ட இரண்டு டீசல்-எலெக்ட்ரிக் எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது. கராச்சி-லாகூர் மெயிலை இழுப்பது உத்தேசம். அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான காரியம். பிரிட்டனிலேயே முக்கியப் பாதைகளில் அப்படி ஒரு டீசல் அப்போது ஓடவில்லை. புதிய மருந்தை முதலில் காலனி நாட்டில் கொடுத்துப் பார்க்கிற பழக்கம் இதிலும் இருந்தது என்று சொன்னால் பொய்யாகாது.

டீசல் ரயில் எஞ்சினுக்கு உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. நீராவி எஞ்சின் மாடு மாதிரி; நின்ற இடத்தில் இருந்தே முழு பலத்தோடு இழுக்கும். டீசல் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தால்தான் பலம். நிற்கிற வண்டியோடு நேராகப் பூட்டினால் மூச்சு நின்றுவிடும். அதனால் நடுவே ஒரு தரகர் வேண்டும். டீசல் மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரம் சக்கரங்களோடு இணைந்த மோட்டார்களை ஓட்டுவது ஒரு வழி. எண்ணெயைச் சுழற்றி, அந்த எண்ணெயின் வேகத்தால் சக்கரத்தைத் திருப்புவது இன்னொரு வழி; ஹைட்ராலிக் என்பது அதுதான். எந்த வழியானாலும் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர் வேண்டும், சுத்தமான காற்று வேண்டும். நியூகாசிலின் குளிருக்குப் பழகிய கைகள் கட்டிய எஞ்சின், கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் சிந்துவில் நின்றது. சூடான காற்று லேசான காற்று. மோட்டாரின் சக்தியே குறையும். மேலே பாலைவனத்துத் தூசி.

இரண்டும் சில வருடங்களில் ஓரங்கட்டப்பட்டன. வெப்பத்தையும் தூசியையும் மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. நூற்றுக்கணக்கான நீராவி எஞ்சின்கள் ஓடும் ரயில்வேயில் இரண்டே இரண்டு டீசல்கள். அதற்கென்று தனி ஷெட் கிடையாது. பாய்லரும் சுத்தியலும் தெரிந்த ஃபிட்டர்கள் நடுவே ஜெனரேட்டர் வந்து நிற்கிறது. ஒன்று பழுதானால் அதன் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொரு டீசல் இல்லை. போதாக்குறைக்கு, ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் 1937-ல் ரயில் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டு ஆயுதத் தயாரிப்புக்குத் திரும்பியது. பெற்றவர்கள் கடையைக் கட்டிய பிறகு பிள்ளைகள் எத்தனை நாள் தாங்கும்?

பிறகு பிரிவினை. கராச்சி பாகிஸ்தானுக்குப் போனது. வடமேற்கு இந்தியாவுக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. கட்ச் வளைகுடாவில் காண்ட்லாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சிந்துவில் இருந்து வந்த அகதிகளுக்காகப் பக்கத்திலேயே காந்திதாம் என்ற புது ஊர் எழுந்தது. கட்ச் மகாராவ் நிலம் கொடுத்தார். சிந்தி வியாபாரி பாய் பிரதாப் முன்னின்று கட்டினார். துறைமுகமும் ஊரும் இருந்தால் போதாது, ரயில் வேண்டும். 1952-ல் டீசாவில் இருந்து காந்திதாமுக்கு மீட்டர்கேஜ் பாதை திறந்தது. ரண் என்கிற உப்புப் பாலையின் ஓரமாகப் போகும் பாதை. தண்ணீர் அரிது, கிடைத்தாலும் உப்பு. கராச்சியை இழந்தாலும் கராச்சியின் பிரச்சினை கூடவே வந்துவிட்டது.

விடையும் பழைய விடைதான், இந்தத் தடவை வேறு விதமாகச் செய்தார்கள். 1955, 56-ல் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியில் இருந்து 20 டீசல்-ஹைட்ராலிக் எஞ்சின்கள் வந்தன. பாக்ஸ்மன் மோட்டார், அறுநூறு எழுநூறு குதிரைசக்தி ரகம். இன்றைய கணக்குக்குச் சிறுசு. ஒய்.டி.எம்.-1 என்று வகைப் பெயர் கொடுத்தார்கள். மீட்டர்கேஜில் இந்திய ரயில்வே மொத்தமாக வேலைக்கு வைத்த முதல் டீசல்கள் இவை. பெரிய பாதைகளின் பெருமைக்குரிய மெயில்களுக்கு இவற்றை அனுப்பவில்லை. இருபதையும் காந்திதாமிலேயே கட்டிப்போட்டார்கள். ஒரே ஊர், ஒரே ரகம், ஒரே ஷெட். ஒன்றைப் பிரித்துக் கற்றுக்கொண்ட மெக்கானிக்குக்கு மற்ற பத்தொன்பதும் தெரிந்தவைதான். ஒன்றில் உடைந்ததற்கு இன்னொன்றில் இருந்து கழற்றி மாட்டலாம். 1935-க்கும் 1955-க்கும் உள்ள வித்தியாசத்தில், எஞ்சின் நுட்பம் வளர்ந்தது ஒரு பாதி என்றால் மறு பாதி இந்த ஏற்பாடு. ரயில்வே வரலாறுகள் குதிரைசக்தியை எழுதுகிற அளவுக்கு ஷெட்டை எழுதுவதில்லை.

காந்திதாம் மெக்கானிக்குகளுக்கும் சோதனை வந்தது. நார்த் பிரிட்டிஷ் சின்ன கம்பெனி அல்ல. 1903-ல் மூன்று கிளாஸ்கோ கம்பெனிகள் சேர்ந்து உருவானது. நீராவி எஞ்சின் கட்டுவதில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று பெயர். இந்தியாவின் தண்டவாளங்களில் அதன் வைரவடிவப் பெயர்த்தகடு தாங்கிய எஞ்சின்கள் ஏராளம். அந்தக் கம்பெனி 1962-ல் திவாலாகிவிட்டது. மறுபடியும் அநாதைப் பிள்ளைகள். இந்தத் தடவை பிள்ளைகள் இருபது பேர், வளர்ப்புத் தாய்க்கும் கைத்தொழில் தெரியும். பிழைத்துக்கொண்டன.

கிளாஸ்கோ ஏன் திவாலானது என்பதற்கு பிரிட்டனுக்குள் போக வேண்டும். பிரிட்டனின் முதல் பெரிய பாதை டீசல் 1947 டிசம்பரில்தான் வந்தது. எல்.எம்.எஸ். ரயில்வேயின் 10000 என்ற எண் கொண்ட எஞ்சின். மறுமாதம் முதல் தேதி ரயில்வேக்கள் தேசியமயமாகப் போகின்றன. அதற்குள் தங்கள் கம்பெனியின் எழுத்துகளோடு அது வெளியே வந்துவிட வேண்டும் என்று தலைமை இன்ஜினியர் ஐவாட் விரட்டி முடித்தார். 1955-ல் நவீனமயத் திட்டம் அறிவித்த பிரிட்டிஷ் ரயில்வே, முதலில் 174 டீசல்களைப் பல கம்பெனிகளிடம் வாங்கி, சில வருடம் ஓட்டிப் பார்த்து நல்லதைப் பெருக்குவது என்று சரியாகத்தான் யோசித்தது. பிறகு பொறுமை போய்விட்டது. சோதனை முடியும் முன்பே நூற்றுக்கணக்கில் ஆர்டர்கள் பறந்தன. நார்த் பிரிட்டிஷின் ஒரு ரகத்தில் 58 எஞ்சின்கள் வந்தன. கசிவு, விரிசல், பழுது என்று அன்றாடம் தகராறு. இருபதில் மட்டும் மோட்டாரை மாற்றிப் பார்த்தார்கள். 1971 முடிவதற்குள் அத்தனையும் பழைய இரும்பு. அருங்காட்சியகத்துக்கு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிராஸ்லி மோட்டார் வைத்த இன்னொரு ரகத்தில் இருபது. 1968-ல் கதை முடிந்தது. பேர்பெற்ற 10000-ஐயும் அதே 1968-ல் உடைத்தார்கள். நீராவிக்கு அழுத தேசம் அதற்கு ஒரு கொட்டகை கொடுக்கவில்லை.

அங்கே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நெருப்பே இல்லாத எஞ்சினில் பயர்மேன் பயணம் செய்தார். கரி அள்ளும் வேலை போனாலும் ஆளின் வேலை போகக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் நின்றன. ‘இரண்டாவது ஆள்’ என்று அவருக்குப் பெயர் மாறியது. வெளியில் இருந்து பார்த்தால் சிரிப்பு வரும். பதினாறு வயதில் எஞ்சின் துடைக்கச் சேர்ந்து, இருபது வருடம் கரி அள்ளி, டிரைவராகும் நாளுக்காகக் காத்திருந்தவருக்கு அது சிரிப்பல்ல. இந்தியாவிலும் நீராவி எஞ்சினில் டிரைவரோடு இரண்டு பயர்மேன்கள்; டீசலில் ஒரு உதவியாளர் போதும். மூன்றாவது ஆள் என்ன ஆனார் என்பதை எஞ்சின் வரலாறுகளில் தேடினால் கிடைக்காது.

பிரிட்டிஷ் டீசல்களை நம்மைவிட நெருக்கமாக அறிந்தது இலங்கை. 1934-லேயே ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த்தின் ஒரு சின்ன டீசல், 500 என்ற எண்ணோடு அங்கே போய்விட்டது. யார்டில் பெட்டிகளைத் தள்ளும் ஷன்டிங் வேலைக்கான எஞ்சின். கராச்சிக்குப் போன பெரிய அண்ணன்களைவிட இந்தத் தம்பிக்கு வாழ்க்கை சுலபம்: வேகம் வேண்டாம், தூரம் வேண்டாம், பழுதானால் ஷெட் பக்கத்திலேயே. 1938-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் மூன்று டீசல் ரயில்கள் வந்தன. சில்வர் ஃபோம், சில்வர் மிஸ்ட், சில்வர் ஸ்ப்ரே. கடல் நுரை, மூடுபனி, கடல் சாரல். பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் கவிதை தெரிந்திருக்கிறது.

1953 முதல் பிரஷ்-பேக்னல் கம்பெனியின் 25 பெரிய டீசல்கள் வந்தன. எம்-1 ரகம், 1,000 குதிரைசக்தி, உள்ளே மிர்லீஸ் மோட்டார். பிரிட்டன் இந்த எஞ்சினைப் பார்த்துத்தான் தன்னுடைய ‘31’ ரகத்தைக் கட்டிக்கொண்டது. அங்கே 263 ஓடின. மோட்டாரும் அதே மிர்லீஸ் குடும்பம், சக்தியைக் கூட்டி. பிறகுதான் அந்த மோட்டார்களில் விரிசல் கண்டது. 1964-ல் தொடங்கி 1969 வரை அத்தனை எஞ்சின்களிலும் மிர்லீஸைக் கழற்றிவிட்டு இங்கிலீஷ் எலெக்ட்ரிக் மோட்டாரை வைத்தார்கள். சில 31-கள் இன்றும் ஆர்வலர்கள் கையில் ஓடுகின்றன. இலங்கையின் எம்-1-களுக்கு அந்த மாற்று இருதயம் கிடைக்கவில்லை.

கிடைத்தது ஒரு பங்காளி. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்கள் 1954-ல் வரத் தொடங்கின. எம்-2 ரகம், 1,425 குதிரைசக்தி, ஒன்டாரியோ, ஆல்பெர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தையல்காரர் மாதிரி அளவெடுத்துத் தைத்தன. அமெரிக்கக் கம்பெனி ரெடிமேட் சட்டை விற்றது. சட்டை அழகாக இல்லை. ஆனால் பித்தான் தெறித்தால் அதே பித்தான் உலகத்தில் எங்கும் கிடைத்தது. எம்-1 காலம் முடிந்து வெகு நாளாகிறது. எம்-2 இன்னும் இலங்கையில் வண்டி இழுக்கிறது.

இலங்கையின் டீசல் காலத்தை நடத்தியவர் பி.டி. ரம்பாலா. தலைமை மெக்கானிக்கல் இன்ஜினியராக இருந்து 1955-ல் ஜெனரல் மானேஜர் ஆனவர். ரயில்களுக்குப் பெயர் சூட்டி, நேரத்துக்கு ஓட்டுவதையே ஒரு கௌரவமாக்கினார். 1956 ஏப்ரலில் கொழும்புக்கும் வடக்குக்கும் நடுவே ஓடத் தொடங்கிய யாழ்தேவி அவர் காலத்து வண்டி. இன்றும் இலங்கைத் தமிழில் ரயிலுக்குப் புகையிரதம் என்றுதான் பெயர். யாழ்தேவியோ நீராவிப் புகையைத் தாண்டி வந்த தலைமுறை. 1990-ல் போரினால் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. தண்டவாளங்களையும் சிலிப்பர் கட்டைகளையும் பிடுங்கிப் பதுங்குகுழி கட்டினார்கள். மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 2014 அக்டோபரில். எஞ்சின்கள் வயதாகிச் சாகும் என்று கணக்குப் போட்டவர்கள், அறுபது வயது எஞ்சின் பிழைத்திருக்கப் பாதை செத்துக்கிடக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மலாயாவில் கதை சற்று சந்தோஷமானது. 1948-ல் இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் 350 குதிரைசக்தி ஷன்டிங் எஞ்சின்கள் இருபது போயின. பிரிட்டிஷ் டீசல்களில் உண்மையான வெற்றி இந்தக் குடும்பம்தான். பிரிட்டனில் இதன் பங்காளிகளை 1952 முதல் பத்து வருடத்தில் 996 கட்டினார்கள். முகத்தில் ஒரு களையும் கிடையாது; பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். நடைவேகத்தில் இரவும் பகலும் தள்ளும். சில இன்றும் வேலையில் இருக்கின்றன. 1957-ல் மலாயாவின் பெரிய பாதைகளுக்கு 1,500 குதிரைசக்தியில் 26 எஞ்சின்கள் அதே கம்பெனியில் இருந்து வந்தன. இவற்றை எல்லாம் பழுது பார்த்த கோலாலம்பூரின் செந்தூல் பணிமனை, தமிழர்கள் திரளாக வேலை செய்த இடம். தண்டவாளம் போட்ட கூலிகளின் பிள்ளைகள் அங்கே டீசல் மெக்கானிக் ஆனார்கள். மலேசியத் தமிழர் என்றதும் ரப்பர் தோட்டத்தையே நினைப்பவர்களுக்கு செந்தூல் நினைவுக்கு வருவதில்லை.

இந்தியா அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. டீசல் எஞ்சினை இங்கேயே கட்ட வேண்டும் என்று முடிவானபோது கைகொடுத்தது அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி. வாரணாசி தொழிற்சாலையின் முதல் எஞ்சினை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி அர்ப்பணித்தார். 1968 முதல் மீட்டர்கேஜுக்கான ஒய்.டி.எம்.-4 ரகமும் அங்கேயே தயாரானது. காந்திதாமின் ஸ்காட்லாந்துக்காரர்களைப் போல இரண்டு மடங்கு சக்தி. நாடு முழுக்க மீட்டர்கேஜின் டீசல் என்றால் இதுதான் என்று ஆனது. தெற்கே இவற்றுக்குத் தாய்வீடு பொன்மலை. மைசூர்ப் பக்கத்துப் பாதைகளிலும் நீராவியை ஓரங்கட்டியது இந்த ரகமே.

அதற்கும் நெடுநாள் கொடுத்துவைக்கவில்லை. 1990களில் பாதைகளை அகலப்படுத்தும் வேலை மும்முரமாயிற்று. பெங்களூர்-மைசூர் பாதை அகலப் பாதையானது. பாலன்பூர்-காந்திதாம் பாதையும் 2006-ல் மாறியது. நல்ல உடம்போடு இருந்த மீட்டர்கேஜ் டீசல்களுக்கு ஓடத் தண்டவாளம் இல்லாமல் போயிற்று. அவற்றில் சிலவற்றை ரயில்வேயின் இர்கான் நிறுவனம் குத்தகைக்கு எடுத்து மலேசியாவுக்கு அனுப்பியது. மீட்டர்கேஜ் அங்கே இன்றும் பிரதானப் பாதை.